காலம் கடந்து வந்த கடிதம்



படமாளிகையிலிருந்து வெளியேறும் மக்களைச் சற்று நேரம் நின்று கவனித்தால், அவர்கள் எத்தகைய படத்தைக் கண்டு வருகின்றார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். நகைச்சுவைப் படமாயின் சிரிப்பொலி வாயில்வரை தொடரும். வீரக் கதையாயின் இளைஞர்கள் கைகளை வீசிப் பேசிக்கொண்டு வருவார்கள். கைகூடாத காதலையும் அதனை அடுத்து வரும் கழிவிரக்கத்தையும் சொல்லும் படமாயின், கூட்டம் வாய் திறவாமற் கலைந்துபோகும். ஒவ்வொருவரும் தத்தம் வாழ்வில் தவறவிட்ட ஏதோ ஒன்றை நினைத்தபடி நடப்பதுபோலத் தோன்றும். அந்த மௌனம் எங்கிருந்து வருகின்றது? அதனை ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கம்.

ஒருதலைக் காதல் தமிழருக்குப் புதிய பொருளன்று. தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தபோது கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் நிறுத்தி, ஒத்த அன்பினரான இருவரின் வாழ்வைப் பாடும் ஐந்திணையை நடுவே வைத்தார். கைக்கிளை என்பது ஒருவரிடத்து மட்டுமே தோன்றி நிற்கும் காதல். புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய எண்களைக் கொண்ட மூன்று பாடல்கள் இத்திணையைச் சேர்ந்தவை. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிமீது தாம் கொண்ட காதலைத் தாமே பாடியவை அவை. அவன் அதனை அறிந்தானா, அறிந்தும் வாளாவிருந்தானா என்பதற்கு அப்பாடல்களில் விடை இல்லை. விடை இல்லாமையே கைக்கிளையின் இயல்பு.

புலவருக்குச் சொற்கள் இருக்கின்றன. உள்ளத்தை உள்ளவாறே சொல்லிவிடலாம். திரைப்படக் கலைஞருக்கோ கமராவின் முன் நிற்பன முகமும் உடலும் பொருள்களுமே. ஒருவர் தம் நெஞ்சில் வைத்து ஒருநாளும் வெளியிடாத காதலை அவற்றைக் கொண்டு காட்டுவது எங்ஙனம்? நம்மவர் படங்களில் இந்த இடத்தில் ஒரு பாட்டு வந்து இடரைத் தீர்த்துவிடும். பாட்டின் உதவியின்றி, ஒரு மாடிப்படியையும் ஒரு கண்ணாடிக் கதவையும் ஒரு கடிதத்தையும் கொண்டு அதனைச் செய்துகாட்டிய படம் ஒன்று உண்டு. ‘முன்பின் அறியாத பெண்ணின் கடிதம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். 1948ஆம் ஆண்டில் ஹொலிவூட்டில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடுவது.

படத்துக்கு மூலம், வியன்னா நகரில் 1881இல் பிறந்த ஸ்டெபான் ஸ்வைக் என்னும் எழுத்தாளர் 1922இல் வெளியிட்ட குறுநாவல். நெறியாளர் மக்ஸ் ஒபூல்ஸ், ஜேர்மனியின் சார்ப்ரூக்கன் நகரில் 1902இல் பிறந்தவர். திரைக்கதையை எழுதியவர் ஹவார்ட் கொக். கதைத் தலைவி லிசாவாக ஜோன் பொன்டெயினும், பியானோக் கலைஞன் ஸ்டெபான் பிராண்டாக லூயி ஜோர்டானும் நடித்தனர். வெளிவந்த காலத்தில் இப்படம் பெருவெற்றி எதனையும் ஈட்டவில்லை. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்பு உயர்ந்தது. 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். காலம் 1900ஆம் ஆண்டை ஒட்டியது, இடம் வியன்னா. மழை பெய்யும் இரவொன்றில் ஸ்டெபான் குதிரை வண்டியில் வீடு திரும்புகின்றான். விடிந்தால் அவன் ஒருவனுடன் துவந்தப் போரில் ஈடுபட வேண்டும். மானம் பெரிதென்று எண்ணும் இயல்பு அவனுக்கில்லை. விடியுமுன் ஊரைவிட்டு ஓடிவிடுவதே அவன் திட்டம். வாய்பேசாத முதிய பணியாளன் ஜோன் அவனிடம் ஒரு கடிதத்தை நீட்டுகின்றான். இதை நீங்கள் படிக்கும் வேளையில் நான் இறந்துபோயிருக்கக்கூடும் என்னும் பொருள்பட அது தொடங்குகின்றது. எழுதியவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் படிக்கின்றான், அவளுடைய குரல் நமக்குக் கேட்கின்றது.

இவ்விடத்தில் வானொலி நேயர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. லிசா அவன்மீது காதல் கொண்டது அவன் முகத்தைக் கண்டன்று. அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவனின் இசைக்கருவிகளும் நூல்களும் முதலில் வருகின்றன. பின்னர் அவன் பியானோ பயிலும் ஓசை முற்றத்தில் வந்து இறங்குகின்றது. சிறுமி லிசா ஊஞ்சலில் ஆடியபடி அதனைக் கேட்கின்றாள். அவன் பயிலும் இசை, லிஸ்ட் என்னும் ஹங்கேரிய இசைமேதை இயற்றிய, ‘பெருமூச்சு’ என்னும் பெயரால் வழங்கும் பியானோப் பயிற்சிப் பாடம். முகமறியாத ஒரு குரல் வீட்டினுள் வந்து நெஞ்சிலே குடியேறுவது எப்படி என்பதை வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து பழகிய நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. கேட்ட ஓசைக்கு ஏற்ப ஓர் உருவத்தை நாமே படைத்துக்கொள்கின்றோம். லிசாவும் அவ்வாறே படைத்துக்கொண்டாள். உண்மையான ஸ்டெபான் பின்னால்தான் வருகின்றான். அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடிக்கின்றாள்; அவன் முகமன் கூறிக் கடந்து செல்கின்றான். அந்தக் கணம் அவளுக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதுமானது. அவனுக்கு அது மறுநொடியே மறந்துபோவது.

தாய் மறுமணம் செய்து லின்ஸ் நகருக்குப் புறப்படுகின்றாள். லிசா புகையிரத நிலையத்திலிருந்து தப்பி, தாங்கள் காலிசெய்த வீட்டுக்கே ஓடிவருகின்றாள். இரவு வெகுநேரம் மாடிப்படியின் மேலே காத்திருக்கின்றாள். கடைசியில் அவன் வருகின்றான். சிரித்துப் பேசும் ஒரு பெண்ணும் உடன் வருகின்றாள். லின்ஸில் ஓர் இளம் படையதிகாரி லிசாவை மணக்க விரும்புகின்றான். தான் வியன்னாவில் உள்ள ஓர் இசைக்கலைஞனுக்கு உரியவள் என்று அவள் சொல்லிவிடுகின்றாள். அந்த இசைக்கலைஞனோ அப்படியொருத்தி உயிரோடிருப்பதையே அறியான்.

வளர்ந்த லிசா வியன்னாவுக்கு மீண்டு ஓர் ஆடை விற்பனை நிலையத்தில் வேலை செய்கின்றாள். இரவுதோறும் அவன் வீட்டுத் தெருவிலே சென்று நிற்கின்றாள். ஓர் இரவு அவன் அவளைக் காண்கின்றான். அவர்கள் சேர்ந்து உணவருந்துகின்றனர்; பனிக்காலத்துப் பிராட்டர் பூங்காவில் உலாவுகின்றனர்; ஆடி மகிழ்கின்றனர். சில நாளில் அவன் இசை நிகழ்ச்சிக்காக மிலான் செல்கின்றான். இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்கின்றான். அவளைத் தேடி அவன் வரவேயில்லை. அவள் தகப்பன் பெயரைச் சொல்ல மறுத்து, கன்னியாஸ்திரிகளின் வைத்தியசாலையில் ஓர் ஆண் மகவைப் பெறுகின்றாள். பின்பு, உண்மை அறிந்தும் அவளையும் மகனையும் ஏற்றுக்கொண்ட ஒரு மதிப்புள்ள மனிதரை மணக்கின்றாள்.

ஏறக்குறையப் பத்து ஆண்டுகளின் பின், ஒபரா அரங்கொன்றில் ஸ்டெபானை அவள் மீண்டும் காண்கின்றாள். அவனுடைய கலை வாடிவிட்டது. அவளை எங்கோ கண்டதுபோல அவனுக்குத் தோன்றுகின்றது. அதற்கு மேல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வெண்ரோசா மலர்களுடன் அவன் இல்லம் செல்கின்றாள். அவனோ எந்தப் பெண்ணிடமும் பேசக்கூடிய அதே இனிய சொற்களையே அவளிடமும் பேசுகின்றான். தன்னை அவன் அறிந்துகொள்ளவில்லை என்பதை உணர்ந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் வெளியேறுகின்றாள். அதற்குள் தொற்றுநோயாளி இருந்த புகையிரதப் பெட்டியிலே தவறுதலாக ஏற்றப்பட்ட மகன் டைபஸ் காய்ச்சலால் இறக்கின்றான். அவளும் நோயுற்று, கடிதத்தை எழுதியவாறே உயிர் துறக்கின்றாள்.

கதை இவ்வளவே. இதனைச் சொல்லக் கேட்டால் மிகையான சோகக் கதையென்றே படும். படமாகப் பார்க்கும்போது அவ்வாறு படாமைக்குக் காரணம் ஒபூல்ஸ் கையாண்ட முறை.

முதலாவதாக மாடிப்படியை எடுத்துக்கொள்வோம். சிறுமி லிசா மேலே நின்று, ஸ்டெபான் வேறொருத்தியுடன் ஏறிவருவதைப் பார்க்கும் காட்சியில் கமரா அவளுக்குப் பின்னே, அவள் பார்க்கும் திசையிலே பார்க்கின்றது. ஆண்டுகள் கழிந்தபின் ஸ்டெபான் லிசாவையே அழைத்து வருகின்றான். கமரா முன்பு நின்ற அதே உயரத்தில், அதே இடத்தில் நிற்கின்றது. படியேறி வரும் லிசா மகிழ்ச்சியிலே திளைக்கின்றாள். சிறுமி நின்ற இடம் இப்போது வெறுமையாய் இருக்கின்றது. அவள் அன்று கண்ட அந்த மற்றப் பெண்களில் ஒருத்தியாகவே இன்று தானும் படியேறுகின்றாள் என்பதைக் கமரா அறிகின்றது, நாம் அறிகின்றோம், அவள் அறியவில்லை. ஒரு சொல்லும் பேசாமல், கமரா நிற்கும் இடத்தினாலேயே இத்துணையும் சொல்லப்படுகின்றது.

இரண்டாவது, பிராட்டர் பூங்காவில் உள்ள புகையிரதப் பெட்டி. அது எங்கும் செல்லாத பொம்மைப் பெட்டி. யன்னலுக்கு வெளியே சீலையில் எழுதிய வெனிஸ் நகரமும் சுவிற்சர்லாந்து மலைகளும் நகர்ந்து செல்கின்றன. ஒரு முதியவர் மறைவாக அமர்ந்து மிதிவண்டிபோல மிதித்துச் சீலையை நகர்த்துகின்றார். பெட்டியினுள் இருவரும் பேசிக்கொண்டிருக்கின்றார்கள். தன் தந்தை வீட்டிலிருந்தபடியே தூர தேசப் பயணங்களைக் கற்பனை செய்து மகிழ்ந்ததை லிசா சொல்கின்றாள். நாடுகள் தீர்ந்துவிட்டன என்றதும், பார்த்தவற்றையே மீண்டும் பார்க்கலாம் என்று ஸ்டெபான் பணம் கொடுக்கின்றான். நகராத வண்டியில் உலகம் சுற்றும் இந்தக் காட்சி சிரிப்பையும் தருகின்றது. சற்று நேரத்தில் நெஞ்சையும் அழுத்துகின்றது. லிசாவின் காதல் முழுவதும் இவ்வண்டியைப் போன்றதே. அவளுக்கு உலகமெல்லாம் நகர்ந்து செல்கின்றது. வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இப்பெட்டிக்கு மற்றொரு பொருளும் கொள்ளலாம். நாசிகளின் ஆட்சி எழுந்த 1933இல் ஒபூல்ஸ் ஜேர்மனியை விட்டுப் பிரான்சுக்கு ஓடினார். அங்கும் இருக்க முடியாமல் 1941இல் அமெரிக்கா சென்றார். மூலக்கதையை எழுதிய ஸ்வைக் தம் நாட்டையும் மொழிச் சூழலையும் இழந்து, 1942இல் பிரேசிலின் பெத்ரோபொலிஸ் நகரில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். ஒபூல்ஸ் இளமையில் வியன்னாவின் பூர்க் அரங்கில் நாடகம் நெறிப்படுத்தியவர். அவர் அறிந்த அந்த நகரை, அது போரினாற் சிதைந்து கிடந்த காலத்தில், கலிபோர்னியாவின் படப்பிடிப்புக் கூடத்தில் மரத்தாலும் சீலையாலும் மீண்டும் எழுப்பினார். பழங்காலத்தைக் காட்டும் படங்களில் உடையும் விளக்கும் வண்டியும் வெறும் அலங்காரமாக நின்றுவிடுவதுண்டு. இப்படத்தில் அவை இழந்தவற்றின் உருவங்களாக நிற்கின்றன. ஆகவேதான் காதலியின் கழிவிரக்கத்தோடு ஒரு நகரத்தைப் பற்றிய கழிவிரக்கமும் சேர்ந்தே நம்மை வந்தடைகின்றது.

இனி ஒரு கேள்வி எழலாம். லிசா ஏன் ஒருதடவையேனும் வாய் திறந்து சொல்லவில்லை? நான்தான் அன்று கதவைத் திறந்த சிறுமி, நான்தான் உன் மகனின் தாய் என்று சொல்லியிருந்தால் கதையே வேறாகியிருக்குமே! அக்காலச் சமூகம் ஒரு காரணம். மணமாகாத தாய்க்கு அங்கே மதிப்பில்லை. காதலைப் பெண் முதலிற் சொல்வதும் வழக்கமில்லை. ஆயினும் அது முழு விடையன்று. சொல்லித் தெரிவிக்கப்படும் நினைவை அவள் விரும்பவில்லை. அவன் தானாகவே தன்னை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அவள் வேண்டியது. அன்பில் இதைவிடப் பெரிய வேண்டுதலும் இல்லை. இதைவிட ஆபத்தான வேண்டுதலும் இல்லை.

படத்தைப் பலர் லிசாவுக்காக அழுதுவிட்டு மறந்துவிடுகின்றார்கள். நேர்மையோடு பார்ப்பவர்கள் இன்னுமொன்றையும் காண்பார்கள். தன்னை ஒருவன் பார்க்கவில்லை என்று வருந்தும் லிசா, தன்னைப் பார்த்தவர்களை எவ்வாறு நடத்தினாள்? லின்ஸில் வந்த இளைஞனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தனக்கும் மகனுக்கும் பெயரும் வாழ்வும் தந்த கணவரை ஓர் இரவிலே விட்டுப் போகத் துணிந்தாள். புகையிரத நிலையத்தில் மகன் விடைபெறும்போது, இரண்டு வாரந்தானே என்கின்றான். அன்று ஸ்டெபான் சொன்ன அதே சொற்கள்! அவள் நெஞ்சம் நடுங்குகின்றது; எனினும் அவனை வழியனுப்பிவிட்டு, ஸ்டெபானிடம் செல்ல வேண்டும் என்ற எண்ணத்துடனேயே திரும்புகின்றாள். ஒபூல்ஸ் அவளைக் குற்றவாளியாக்கவில்லை, தெய்வமாக்கவும் இல்லை. ஒருவரை மட்டுமே காணும் கண் மற்றெல்லாரையும் காணாமற் போகும் என்ற உண்மையை மட்டும் மெல்ல எடுத்து வைக்கின்றார்.

அப்படியாயின் அவளை உண்மையாகக் கண்டவர் எவருமே இல்லையா? ஒருவர் இருந்தார். அவர்தான் வாய்பேசாத பணியாளர் ஜோன். சிறுமி லிசா களவாக ஸ்டெபானின் வீட்டினுட் புகுந்து பியானோவைத் தொட்டுப் பார்த்தபோது அவளைக் கண்டவர் அவர். பத்தாண்டுகளின் பின் வெண்ரோசாவுடன் அவள் வந்தபோது, கண்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டவரும் அவரே. இன்மொழிகளை அள்ளி வீசும் தலைவனுக்கு நினைவில்லை; சொல்லே இல்லாத பணியாளருக்கு எல்லாம் நினைவிருக்கின்றது. படம் முழுவதற்கும் திறவுகோல் இந்த எதிர்நிலையில்தான் இருக்கின்றது என்பேன்.

முடிவைச் சொல்லுமுன், மூலக்கதை எவ்வாறு முடிகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்வைக்கின் குறுநாவலில் தலைவன் ஓர் எழுத்தாளன். அவனுடைய பிறந்தநாள்தோறும் பெயர் குறியாமல் வெண்ரோசா மலர்களை அனுப்பிவந்தவள் அவள். கடிதத்தைப் படித்து முடித்தபோது பூச்சாடி அந்த ஆண்டு முதன்முறையாக வெறுமையாக இருப்பதை அவன் காண்கின்றான். ஏதோ ஒரு நிழல் அசைகின்றது. அவள் முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அங்கே துவந்தப் போரும் இல்லை, தண்டனையும் இல்லை. மறதி மறதியாகவே நின்றுவிடுகின்றது.

திரைப்படமோ வேறு வழி செல்கின்றது. ஸ்டெபானுக்கு நினைவு திரும்புகின்றது: கதவு, பூங்கா, புகையிரதப் பெட்டி, ஆடல். கடிதத்தில் கையொப்பம் இல்லை. எழுதி முடிக்குமுன் அவள் இறந்துவிட்டாள். உனக்கு அவளை நினைவிருக்கின்றதா என்று அவன் கேட்க, பணியாளர் ஜோன் எழுதுகோலை எடுத்து அவளுடைய முழுப் பெயரையும் தாளில் எழுதுகின்றார். ‘முன்பின் அறியாத பெண்’ என்று தொடங்கிய படத்தில் அவளுக்கு இறுதியாகப் பெயர் கிடைக்கும் இடம் அது. விடியலில் தன்னை எதிர்த்து நிற்கப்போகின்றவர் லிசாவின் கணவரே என்பதும் புலனாகின்றது. ஓடிவிட எண்ணியிருந்தவன் ஓடவில்லை. வெளியே வண்டி காத்திருக்கின்றது. புறப்படுமுன் திரும்பிப் பார்க்கின்றான். கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி அந்தச் சிறுமி நிற்பதுபோல ஒரு கணம் தோன்றி மறைகின்றது. தன் வாழ்வில் முதற்றடவையாக அவன் அவளைக் காண்கின்றான். அப்போது அங்கே எவரும் இல்லை.

கழிவிரக்கம் என்பதன் பொருள் இவ்விடத்திலே தெளிவாகின்றது. லிசாவிடம் இருந்தது ஏக்கம். அதற்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு, நாளை என்று ஒன்று உண்டு. கழிவிரக்கத்துக்கு நாளை இல்லை. ‘இருந்திருந்தால்’ என்று நம் மொழியில் ஒரே சொல்லாற் சொல்கின்றோமே, அந்தச் சொல்லுக்குள் அது அடங்கிவிடும். லிசாவின் கடிதமும் அத்தகையதொரு நிபந்தனைச் சொல்லோடு, முடிவு பெறாமலே நின்றுவிடுகின்றது. அவள் விட்ட இடத்திலிருந்து ஸ்டெபானின் கழிவிரக்கம் தொடங்குகின்றது. ஒருதலையாக இருந்த காதல் ஈற்றில் மற்றத் தலையையும் தொடுகின்றது; தொடும்போது ஒருத்தி உயிருடன் இல்லை. நம்மைப் பேசவிடாமற் செய்வது இந்தக் காலப் பிழையே.

இப்படத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், நேயர்களே, ஒருமுறை கதைக்காகப் பாருங்கள். மறுமுறை பார்க்கும்போது லிசாவை விட்டுவிட்டு, அந்த முதிய பணியாளரை மட்டும் கவனித்து வாருங்கள். கதவுகளைத் திறக்கின்றார், பெட்டிகளைத் தூக்குகின்றார், படியோரமாக ஒதுங்கி நின்று வழிவிடுகின்றார். காட்சிகளின் ஓரத்திலேயே அவர் இருப்பார். கதையை முழுவதும் அறிந்தவர் அவர் ஒருவரே என்பது அப்போது விளங்கும்.

நம் ஒவ்வொருவரின் வீட்டு வாயிலிலும் ஒரு நாள் யாரோ ஒருவர் நமக்காகக் கதவைத் திறந்து பிடித்திருப்பார். அவர் முகம் நமக்கு நினைவிருக்கின்றதா? படமாளிகையிலிருந்து வாய் திறவாமல் நடந்து செல்கின்றவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது அந்தக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். கடிதம் வந்தபின் விடை காண்பதிலும், வருமுன்னே நிமிர்ந்து பார்த்துவிடுவது நன்று.